அணில்களுக்குச் சொறி வந்த குளிர்காலம்

என் மனைவி டெல்லியில், மோதி பாக்கில் ஒரு பள்ளியில் உயிரியல் டீச்சர். நான் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். துவாரகாவில் எங்கள் குடியிருப்புப் பூங்காவில் அணில்களுக்கு நோய் வந்ததை முதலில் கவனித்தவள் அவள்தான். ஒரு அணில் தோள்பக்கம் முடியே இல்லாமல், தோல் சாம்பல் பூத்து, சொறிந்துகொண்டே உட்கார்ந்திருந்தது. அடுத்த வாரம் இன்னும் சிலவற்றுக்கு முடி கொட்டியிருந்தது. ஒன்றுக்கு வால் எலிவால் மாதிரி ஆகிவிட்டது.

யாரோ படம் எடுத்துக் குடியிருப்போர் சங்கமான சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அதோடு பயம் பிடித்துக்கொண்டது. வெறிநோயாக இருக்கும், பிள்ளைகளைக் கீழே விடாதீர்கள் என்றார் ஒருவர். கூண்டு வைத்துப் பிடித்து நஜஃப்கட் கால்வாய்ப் பக்கம் விட்டுவிடலாம் என்றார் செயலாளர். அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன.

"வெறிநோய் மாதிரி தெரியலைங்க. சொறியா இருக்கும். ஆனா பார்க்காம சொல்லக் கூடாது" என்றாள் இவள்.

அந்தச் சனிக்கிழமை காலை வேப்பமரத்தடியில் ஒரு அணில் செத்துக் கிடந்தது. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு அதை எடுத்து டப்பாவில் மூடினாள். ஸ்கூட்டரில் அவளைப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். ஆய்வகத்தில் தோலை லேசாகச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு, நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தாள். பிறகு நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

வெந்த ஜவ்வரிசிக்குக் கட்டை கட்டையாகக் கால் முளைத்த மாதிரி ஒன்று தெரிந்தது.

"சொறிப்பூச்சி. தோலைக் குடைஞ்சு உள்ளயே முட்டை வைக்கும். அந்த அரிப்புதான் அதுங்களைத் தூங்க விடாது" என்றாள். குரலில் சந்தோஷமும் வருத்தமும் கலந்திருந்தன.

அதோடு விடவில்லை. அங்கிருந்து நேராகக் கால்நடை மருத்துவரிடம் போனோம். அவரும் பார்த்துவிட்டு அதேதான் என்றார். ஒவ்வொன்றாகப் பிடித்து மருந்து போட முடியாது, நெருக்கம் குறைந்தால் பல தானாகவே தேறிவிடும் என்றவர், "எல்லாம் ஒரே இடத்தில் கூடுகின்றனவா?" என்று கேட்டார்.

எங்கள் இரண்டு பேருக்கும் பதில் தெரியும். தரைத்தள வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பஞ்சாபிப் பெரியவர், மனைவி இறந்த வருஷம் பூங்காவில் கம்பு நட்டு ஒரு தட்டு வைத்தார். தினமும் காலையில் வேர்க்கடலையும் ரொட்டித் துண்டும் போடுவார். அணில்கள் அதில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு தின்னும்.

மறுநாள் சொசைட்டிக் கூட்டம். இவள் எழுந்து தன் ஹிந்தியில் பேசினாள். ஹிந்தியில் அணில் பெண்பால். அதை ஆண்பாலாக்கிப் பேசினாள். முன்வரிசையில் சிரித்தார்கள். இவள் நிற்கவில்லை. இது வெறிநோய் இல்லை, தொடாமல் இருந்தால் பிள்ளைகளுக்குப் பயமில்லை, பிடித்து வேறு இடத்தில் விட்டால் அங்கே இருப்பவற்றுக்கும் ஒட்டும் என்று சொன்னாள். கைபேசியில் எடுத்த பூச்சியின் படத்தைக் காட்டியதும் சிரிப்பு நின்றது. கூண்டு யோசனையைச் செயலாளர் கைவிட்டார். தட்டைப் பற்றி மட்டும் அவள் வாயே திறக்கவில்லை.

"ஏன் சொல்லலை?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"அவரும் உட்கார்ந்திருந்தாருங்க. அத்தனை பேர் முன்னாடி சொல்ற விஷயமா அது?"

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனோம். டீ வந்தது. மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்படியென்றால் நான்தான் அவற்றுக்கு நோயைக் கொடுத்தேனா, மகளே?"

"நோயைக் கொடுத்தது பூச்சி, அங்கிள். நீங்கள் சாப்பாடு கொடுத்தீர்கள். ஒரே தட்டில் நெருக்கியடித்ததால் ஒட்டிக்கொண்டது. முடி முளைக்கும்வரை தட்டு வேண்டாம்."

"காலையில் நான் என்ன செய்வேன்?"

"எப்போதும்போல வந்து உட்காருங்கள். உங்களைவிட அவற்றை யாருக்குத் தெரியும்? எது தேறுகிறது, எது தேறவில்லை என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்."

அடுத்த நாள் விடிந்ததும் அவரே கம்பைப் பிடுங்கினார். அன்றிலிருந்து பெஞ்சில் சால்வை போர்த்தி உட்கார்ந்து இவளுக்குக் குரல்செய்தி அனுப்புவார். மெட்ரோவில் போகும்போதே கேட்டுப் பதில் சொல்வாள். சில அணில்கள் பிழைக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொன்னார். பனி விலகி வெயில் ஏறத் தொடங்கியபோது, எலிவால் அணிலுக்கு மெல்லிய சாம்பல் முடி முளைத்த படம் வந்தது. சொசைட்டிக் குழுவிலும் அவரே அதைப் போட்டு, "டீச்சர்ஜி சொன்னது நடந்துவிட்டது" என்று எழுதினார். தட்டை அவர் திரும்ப வைக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு முசுக்கொட்டைக் கன்று நட்டார். கிளை கிளையாகப் பழுத்தால் பிரிந்து தின்னட்டும் என்பது அவருடைய சொந்த யோசனை.

போன மாதம் பக்கத்துக் குடியிருப்பில் புறாக்கள் வாயில் புண் வந்து சாக ஆரம்பித்தபோது, பேச வரும்படி இவளைக் கூப்பிட்டார்கள். நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னிடம் குனிந்து, "யார் இவர், டாக்டரா?" என்றார்.

"டீச்சர். என் மனைவி" என்றேன். அவர் கேட்டது அவ்வளவுதான். நான் நுண்ணோக்கியில் தொடங்கி, கூட்டத்தில் அவள் சொல்லாமல் விட்டதுவரை முழுக்கச் சொல்லி முடித்தேன்.