வெல்லக்கூடாத அணி

"தோத்திட்டாங்கள் அண்ணை!" என்று கைப்பேசியை மேசையில் வைத்த பிறகுதான் குகதாசன் வடையைக் கையில் எடுப்பார். பிரெஞ்சுத் தலைநகரின் ரூ காய் தெருவிலுள்ள தேநீர்க்கடையில் ஞாயிறு மாலைதோறும் நடக்கிற சங்கதி இது. தன் கால்பந்து அணி தோற்றால்தான் அவருக்குத் தொண்டைக்குள் ஏதாவது இறங்கும். வென்றுவிட்டால் தேநீர் ஆடை கட்டிக் கிடக்கும்.

அணி, வட சுவீடனில் பனிக்குள் கிடக்கும் ஒரு சிற்றூருடையது. அவர் அந்த நாட்டுக்குப் போனதில்லை. பந்தை உதைத்தவரும் இல்லை. ஆனால் சுவீடன், போலந்து லீக் விவரமெல்லாம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. "போலந்திலை முதலாம் லீக் எண்டுறது உண்மையிலை ரெண்டாவது தட்டு. சுவீடனிலை டிவிசன் ஒண்டு எண்டா மூண்டாவது. பேரை நம்பி வாய் திறக்கேலாது அண்ணை."

வாய் திறக்க அவருக்கு அவ்வளவு பயம். எண்பத்தாறில், ஊரில் ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கங்கள் தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொண்ட நாட்களில், ஒரு சந்தியில் அவரையும் தமையனையும் மறித்து, கைகளை உயர்த்தச் சொல்லி, "நீங்கள் ஆற்றை ஆக்கள்?" என்று, எந்த இயக்கமென்று அறியக் கேட்டார்கள். "என்ரை அண்ணை ஒரு பேர் சொன்னவர். பிழையான பேர். நான் மட்டும் வீட்டை வந்தன்," என்று ஒருமுறை சொன்னார்.

2009இல் வீடுகளுக்கு வண்ணம் பூசும் போலந்துக்காரரோடு வேலைக்குச் சேர்ந்தார். மாரெக்கும் யாட்செக்கும் ஒரே நகரத்தவர்கள், ஆளுக்கொரு கால்பந்துக் கழகம். அங்கே தப்பான தெருவில் தப்பான கழகத்தின் கழுத்துத்துண்டோடு போனால் முழுசாகத் திரும்பமுடியாது என்பார்கள். இரண்டு பேரும் ஒரே அறையில் பூசமாட்டார்கள். முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் மாரெக் கேட்டான்: "நீ எந்த அணி?" குகதாசன் தலையைக் குனிந்தார். வண்ணம் சிந்தாமலிருக்கத் தரையில் விரித்திருந்த விளையாட்டுப் பத்திரிகையின் மூலையில், பொடி எழுத்திலிருந்த ஒரு பெயரை வாசித்தார். சுவீடன், மூன்றாம் தட்டு. யாருக்கும் பகையில்லாத பெயர். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருக்கு மூச்சு வந்தது.

போதாத காலம், அணி உருப்படத் தொடங்கியது. சில வருடங்களில் இரண்டாம் தட்டு. பிறகு அல்ஸ்வென்ஸ்கான் என்கிற உச்சத் தட்டு. தன் அணி ஏறியதற்குக் கண்கலங்கிய ரசிகரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கோயிலுக்குப் புறப்பட்ட மனைவி இந்திராதேவியிடம், "அவங்கள் கீழ இறங்கவேணும் எண்டும் ஒருக்காக் கும்பிடும்," என்றாராம். பலிக்கவில்லை. அணி சுவீடன் கோப்பையை வென்று ஐரோப்பியத் தகுதிச் சுற்றுக்குப் போனது. குலுக்கலில் எதிரணியாக வந்தது மாரெக்கின் கழகம்.

யாட்செக் அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். "இனி நீ என்னுடைய ஆள்!" மாரெக் திரும்பிப் பார்க்காமல் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தான். "பாருங்கோ அண்ணை, கடைசியிலை நானும் ஒரு பக்கமாப் போனன்," என்றார் குகதாசன். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார்.

"அவங்கள் நல்ல பெடியள்," என்றேன்.

"சந்தியிலை நிண்டவங்களும் நல்ல பெடியள்தான். எங்கடை ஊர்."

ஆட்டம் பார்க்க லாசப்பல் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்துப் பாருக்கு மாரெக் அழைத்திருந்தான். போகாவிட்டால் அதுவும் ஒரு பதிலாகிவிடுமென்று பயந்து, என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கதவோரக் கதிரையில் இருந்தார். பார் நிறைய மாரெக்கின் கழகத்து ஆட்கள். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் சுவீடன்காரர் கோல் போட்டார்கள். கைகளிலிருந்த குவளைகள் மேசைக்கு இறங்கின. மாரெக் மெல்லத் திரும்பி, அவரை நோக்கி விரலை நீட்டினான். "இதோ, இவன் அவர்களுடைய ஆள்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குகதாசன் எழுந்தார். விரல்களை விரித்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினார். கோலைக் கொண்டாடுகிறார் என்று நினைத்து யாரோ சிரித்தார்கள், பிறகு பாரே கைதட்டியது. மாரெக்கும் சிரித்துக்கொண்டே வந்து ஒரு பியர்க் குவளையை நீட்டினான். அதை வாங்குவதற்கும் அவர் கைகளை இறக்கவில்லை.