அடகுப் பணத்தில் பத்தில் ஒன்று

தசமபாகம் கொடுக்காதவள் என்று எங்கள் சபையில் யாரும் என்னைச் சொல்லிவிட முடியாது. கோழி பத்து முட்டை இட்டால் ஒன்று சபைக்குப் போகும். என் கணவர் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிக் கொண்டுவரும் கூலியிலும் அந்தப் பங்கை உறையில் போட்ட பிறகுதான் அரிசி வாங்குவேன். திக்கற்றவர்களுக்குச் சேரவேண்டியதை நாம் தின்னக்கூடாது என்பதில் அவ்வளவு கறார். அந்தக் கறார்தான் என் தலையில் மண்ணைப் போட்டது.

லாரி ஏறி அவர் கால் எலும்பு நொறுங்கியது. உள்ளே வைக்கும் பிளேட்டை வெளியில் வாங்கிவர வேண்டும், முப்பதாயிரம் ஆகும் என்றார்கள். சங்கிலியை அடகு வைத்ததில் சரியாக முப்பதாயிரம் கிடைத்தது. ஞாயிறு ஆராதனையில் மூவாயிரத்தை உறையில் போட்டுப் பெட்டியில் சேர்த்துவிட்டேன். கொடுக்காமல் விட்டால் ஆபரேஷனில் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். குறைவதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். திங்கட்கிழமை பிளேட் கடைக்காரர் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

புதன்கிழமை ஆபரேஷன். தள்ளிப்போனால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேட்கக்கூடிய எல்லோரிடமும் கேட்டாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை வெட்கத்தை விட்டுப் போதகரிடம் போய் நின்றேன்.

"கடன் வாங்குன காசுல யாரும்மா தசமபாகம் கேட்டா?" என்றார். அவர் முகம் வாடிப்போனது. "அத நேத்தே மண்டபத்தூர்ல குடுத்துட்டேனேம்மா. கடலுக்குப் போன புருஷன் திரும்பல, ரெண்டு புள்ளைங்க."

சட்டைப்பையில் இருந்த ஐந்நூறை எடுத்துக் கொடுத்தார். அவரிடம் அதற்கு மேல் இல்லை. நான் மண்டபத்தூருக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு போனேன்.

அந்தப் பெண் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா, ஒரு வாய் சாப்பிடுங்க" என்றாள். அது யார் கொடுத்த பணம் என்று அவளுக்குத் தெரியாது. அப்படியே திரும்பியிருக்கலாம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே திருப்பிக் கேட்டேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் ஒரு டப்பாவைத் திறந்தாள்.

"அரிசி வாங்குனது போக ரெண்டாயிரத்து ஐந்நூறு இருக்குக்கா. எடுத்துக்கங்க. எனக்குத்தான் ஆள் இல்லாமப் போச்சு. ஒங்க வீட்டுக்காரராவது நல்லபடியா வீட்டுக்கு வரட்டும்."

பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதியையாவது அவளிடம் விட்டுவர மனசு சொன்னது, விட்டால் பிளேட்டுக்குக் குறையும். விடவில்லை, அத்தனையையும் வாங்கிக்கொண்டேன்.