பதினொன்றாம் கேள்வி

காப்பியடிக்கிற பிள்ளைகளைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்துகிறவள் நான். அப்படிப்பட்ட நானே ஒரு நாள் காப்பியடித்தேன். நல்லவேளை, அடித்தேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வந்தாள். ஒரு குழந்தைக்குக் கொடுமை நடக்கிறதென்று சந்தேகம் வந்தால் ஆசிரியர்கள் புகார் சொல்வார்களா, மாட்டார்களா என்று அளக்க ஒரு கேள்வித்தாள் கொடுத்தாள். பெயர் எழுத வேண்டாம், மனதில் பட்டதை டிக் செய்தால் போதும் என்றாள். எங்களுக்கோ எந்தத் தாள் வந்தாலும் இன்ஸ்பெக்‌ஷன் ஞாபகம்தான். பள்ளிக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதே! பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சரின் தாளைப் பார்த்து, 'முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்' என்ற கட்டத்திலேயே வரிசையாக டிக் அடித்துக்கொண்டு போனேன்.

'தெரிந்த குடும்பமாக இருந்தாலும் புகார் செய்வேன்.' அந்தப் பதினொன்றாம் கேள்விக்கு மட்டும் அவர் எதுவும் போடவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஆறாங்கிளாஸ் பொண்ணு கையில இருக்கிற சூட்டுத் தழும்ப நீங்களும் பாத்தீங்களா டீச்சர்?" என்று மெல்லக் கேட்டார்.

பார்த்திருந்தேன். வெயிலிலும் கழற்றாத ஸ்வெட்டரை, ஒரு நாள் மதியம் கை கழுவும்போது அவள் மேலே ஏற்றியிருந்தாள். கேட்டதற்குக் குழம்பு கொட்டிவிட்டது என்றாள். அவள் அம்மா ஸ்டீல் கம்பெனியில் வேலை செய்கிறவள், என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிறவள். நாளைக்கு அந்த முகத்தில் எப்படி விழிப்பது என்று இரண்டு வாரமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

தாள்களை அப்படியே வைத்துவிட்டு இருவரும் தலைமையாசிரியர் அறைக்குப் போனோம். அங்கிருந்தே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசினேன். பாதியில் கணக்கு டீச்சர் போனை வாங்கி மீதியைச் சொன்னார். அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். சூடு வைத்தது வீட்டோடு இருந்த சித்தப்பா. அவன் மேல் வழக்குப் போட்டார்கள். பெண் அம்மாவிடமே இருந்தாள்.

அதோடு அந்த அம்மா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். பஸ்ஸில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். செய்தது சரிதானா என்று பல நாள் தவித்தேன்.

மழைக்காலத்தில் ஒரு காலை, நெரிசலில் நின்றிருந்த என் கையை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். ஜன்னலோரம் மகள், அந்தக் குளிரிலும் ஸ்வெட்டர் இல்லாமல்.

"எனக்கும் தெரியும் டீச்சர். பாத்துக்கினுதான் இருந்தேன். வாயத் தொறக்க பயமா இருந்துச்சு" என்றாள்.

ஆக, மூன்று பெண்கள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறோம். அதில் ஒருத்திக்குத்தான் பொய்யாக ஒரு டிக் அடிக்கக் கை வரவில்லை. கணக்கு டீச்சர் அப்படித் தயங்கியதற்குத்தான் என் நன்றியெல்லாம்.