பந்து கையில் இருந்தது

அலுவலகத்தில் அவளுக்கு 'ஆகட்டும் அக்கா' என்று பெயர். யார் என்ன கேட்டாலும் வாயில் அந்த ஒரு வார்த்தைதான் வரும். திட்ட மேலாளர் என்று கதவில் பலகை இருக்கும். உள்ளே போனால் அடுத்தவர் வேலையையெல்லாம் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முன்கூட்டியே முடித்துக் கொடு என்றால் ஆகட்டும். புதிதாக இன்னொன்றைச் சேர் என்றாலும் ஆகட்டும். நாற்காலியைக் கேட்டிருந்தால் எழுந்து நின்றிருப்பாள், புண்ணியவதி.

கெட்டிக்காரிதான், அதில் சந்தேகமில்லை. குழுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மஞ்சள் ரப்பர் பந்தை வாங்கி வந்தாள். காலைக் கூட்டத்தில் பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். மற்றவர்கள், மேலதிகாரி உட்பட, வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஏற்பாடு நன்றாகவே ஓடியது. தன் முறை வந்தால் மட்டும் சூடான பாத்திரத்தைத் தொட்டவள் போல அடுத்தவரிடம் தள்ளிவிடுவாள்.

அப்போது ஒரு கண் மருத்துவமனைக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தார்கள். குழுவிலிருந்த தாடிக்காரனுக்கு முதல் குழந்தை பிறக்கப்போகிறது. அடுத்த வாரத்திலிருந்து விடுப்பு. மிச்ச வேலையைத் திரும்பி வந்து முடிப்பதாக ஏற்பாடு. கல்யாணத்துக்கு மறுநாளே அவன் மடிக்கணினியும் கையுமாக உட்கார்ந்ததற்கு, இவள் யாரிடமோ சொன்ன ஒரு 'ஆகட்டும்'தான் காரணம். அவன் மனைவி அதை மறக்கவில்லை. போன் செய்தாள்.

"அக்கா, இந்தத் தடவையாவது அவரை எங்கிட்ட விட்டுடுவீங்கல்ல?"

"ஆகட்டும்மா."

சொன்ன பிறகுதான், அந்த வார்த்தை யார் கேட்டாலும் தன் வாயில் வரும் என்பது உறைத்தது.

இரண்டு நாள் கழித்து, குழு மொத்தமும் கூடியிருந்தபோது மருத்துவமனை நிர்வாகி வந்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "திறப்பு விழாவை இந்த மாசக் கடைசிக்கே கொண்டுவந்துட்டோம். அதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுக் குடுத்துடுங்க."

"தாராளமா சார். நம்ம பசங்க ராத்திரி பகலா உட்கார்ந்து..." என்று மேலதிகாரி ஆரம்பித்தார்.

தாடிக்காரனின் முகம் தொங்கிப்போயிற்று. அக்காவுக்கு அவனைப் பார்க்கவே கூசியது. பேனா எடுப்பது போலப் பைக்குள் கையை விட்டாள். காலைக் கூட்டம் முடிந்ததும் மறதியாகப் பைக்குள் போட்ட பந்து அகப்பட்டது. பதற்றத்தில் அதை வெளியே எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பழக்கதோஷம், குழு மொத்தமும் கப்சிப். மேலதிகாரிகூட பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். என்ன நடக்கிறது என்று புரியாமல் நிர்வாகி விழித்தார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தள்ளிவிடலாம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நிர்வாகி.

"முடியாது சார்," என்றாள். பந்தை விடவில்லை. "எல்லாம் வேணும்னா முதல்ல பேசின தேதிதான். இவர் அடுத்த வாரம் லீவு, அதுல கை வைக்க மாட்டேன். ஒண்ணு கேக்கறேன். திறப்பு விழா அன்னிக்கு உங்களுக்கு எது ஓடியே ஆகணும்?"

நிர்வாகி யோசித்தார். "நோயாளிங்க முன்பதிவு பண்ணணும். அவ்வளவுதான்."

"அது தயார். நாளைக்கே ஓட்டிக் காட்டறேன். மிச்சம் அடுத்த மாசம்."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேனேம்மா," என்று அவர் சிரித்தார்.

பாருங்கள், இவ்வளவுதான் விஷயம். இதற்காகவா இத்தனை வருஷம் தூக்கம் கெட்டாள்? கூட்டம் முடிந்ததும் மாடிப்படியில் தனியாக நின்று, வயிறு வலிக்கச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷம்.

தாடிக்காரன் சொன்னபடி விடுப்பில் போனான். ஒரு மத்தியானம் போன் வந்தது. "அக்கா, பொண்ணு," என்றான். மனைவி போனை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, நீங்கதான் இவளுக்குப் பேர் வைக்கணும்."

'ஆகட்டும்' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அக்கா விழுங்கிக்கொண்டாள்.

"முடியாதும்மா. அது உங்க ரெண்டு பேர் வேலை. சாயங்காலம் வரேன். ஆசை தீரத் தூக்கி வச்சுக்கறேன்."

மறுமுனையில் குழந்தை வீறிட்டு அழுதது. இப்போது பந்து யார் கையில் என்று அக்காவுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு கேட்டாள்.