சித்தி தேய்த்த சட்டை

ஓயாமல் பேசுவதால் அவளை வீட்டிலும் கல்லூரியிலும் குருவி என்றே கூப்பிட்டார்கள். காட்சித் தொடர்பியல் கடைசி வருடம். ஒரு பாட்டுக்கு வீடியோ எடுத்துத் தர வேண்டும். காத்திருப்பதைப் பற்றிய பாட்டு. குருவியின் குழுவில் அவளோடு சேர்த்து மூன்று பேர். மழை, ரயில் நிலையம், காய்ந்த ரோஜா என்று எதைச் சொன்னாலும் வாத்தியார், "பார்த்துப் பார்த்துப் புளிச்சுப் போச்சும்மா" என்று தள்ளிவிட்டார்.

அப்போதுதான் அவளுக்குச் சித்தியின் ஞாபகம் வந்தது.

சித்தி அம்மாவின் தங்கை. பெண்களுக்கு முடி வெட்டும் கடையில் வேலை. குருவியும் அவளும் ஒரே அறை. சித்தியைக் கட்டிக்கொள்வதாக இருந்தவர் வெளிநாட்டு வேலைக்குப் போனார். கொஞ்ச நாள் போன் வந்தது, பிறகு நின்றுவிட்டது. அவர் விட்டுப்போன நீலச் சட்டையை ஞாயிறு காலைகளில் சித்தி எடுத்துத் தேய்ப்பாள். காலரைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி அலமாரியில் மாட்டுவாள். குருவி தூங்குகிறாள் என்று நினைத்துத்தான் செய்வாள். குருவி போர்வைக்குள்ளிருந்து பலமுறை பார்த்திருக்கிறாள். பார்த்ததாகச் சொன்னதில்லை.

வாத்தியாரிடம் அதைச் சொன்னாள். "இது! இதத்தான் கேட்டேன்" என்றார் அவர். குருவிக்குக் கால் தரையில் பாவவில்லை.

சித்தி கடைக்குப் போயிருந்த நேரத்தில் தோழிகள் அந்த அறைக்கே வந்தார்கள். குருவி ஒவ்வொரு காட்சியாக வரைந்து சுவரில் ஒட்டினாள்.

"லூசாடி இவ? பேசாம அந்தச் சட்டைக்கே கழுத்த நீட்டிடலாம்" என்றாள் ஒருத்தி, படத்திலிருந்த பெண்ணைக் காட்டி.

"முதலிரவுல சுருக்கம் விழுந்துடுமே!" என்றாள் குருவி.

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குருவியின் சிரிப்புதான் எல்லாவற்றையும் விட உரக்கக் கேட்டது. திரும்பினால், வாசலில் பிஸ்கட் தட்டோடு சித்தி. கடையில் கரண்ட் இல்லை என்று சீக்கிரம் அனுப்பிவிட்டார்களாம்.

சித்தி தட்டை வைத்துவிட்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நல்லா வரைஞ்சிருக்க. யாரு இது?"

"சும்மா... கற்பனை சித்தி."

"கற்பனைக்கும் இடது கைப் பழக்கமா?"

வீட்டில் இடது கைக்காரி சித்தி ஒருத்திதான். குருவி அப்படியே வரைந்திருந்தாள். சித்தி வெளியே போய்விட்டாள். குருவிக்குக் காது மடல் வரை எரிந்தது. சுவரிலிருந்து ஒவ்வொன்றாகக் கிழித்தாள்.

"ஏய், சாரே ஓகே சொல்லிட்டாருடி!"

"வேணாம். இது திருடினது."

"எங்கேருந்து?"

"இந்த வீட்லேருந்துதான்."

தோழிகளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. பிஸ்கட்டை யாரும் தொடவில்லை.

மறுநாள் குருவி சித்தியின் கடைக்குப் போனாள். கூட்டம் குறையும் வரை மூலையில் உட்கார்ந்திருந்தாள். சித்திதான் சீப்பைக் கழுவிக்கொண்டே பேசினாள்.

"வரைஞ்சதுக்குக் கோவமில்ல. அவங்க சிரிச்சா சிரிக்கட்டும், அவங்களுக்கு நான் யாருன்னு தெரியாது. நீ சிரிச்சியே."

"தப்பு சித்தி. மன்னிச்சுடுங்க."

"பார்த்தேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே எல்லாம் சொல்லியிருப்பேன். இத்தன வருஷத்துல யாரு கேட்டா?"

குருவி அழுதாள். சித்தி துண்டை நீட்டினாள். கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை.

கடைசியில் பேருந்து நிறுத்தத்தில் ஆட்கள் நிற்பதை எடுத்துக் கொடுத்தார்கள். மதிப்பெண் சுமார். சட்டைக் கதை என்ன ஆயிற்று என்று வாத்தியார் கேட்டதற்கு, "அது என்னோடது இல்ல சார்" என்றாள் குருவி.

இப்போது அவள் ஒரு தொலைக்காட்சியில் எடிட்டர். சித்தி பழையபடியே பேசுகிறாள், போகும்போது டிபன் டப்பாவைக் கையில் திணிக்கிறாள். மறந்துவிட்டாளா என்று குருவி கேட்டதில்லை. கேட்கவும் கூசுகிறது.