மட்டக்கம்பு இல்லாமல் வெட்டமாட்டேன்

1. சுவிட்ச்

மொதலாளி மெஷினைப் போட்டார். நான் நிறுத்தினேன். அவர் மறுபடி போட்டார். நான் மறுபடி நிறுத்திவிட்டு, சுவிட்சின் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஹட்டன் பஜாருக்குப் பின்னால் இருக்கும் ஒரு தச்சுப் பட்டறையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது இது. வட்டவளைப் பக்கம் ஒரு பழைய தோட்டத்துத் தொரை பங்களாவை ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்கு எட்டுப் பக்கம் உள்ள ஜன்னல் சட்டம் பன்னிரண்டு வேண்டும். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று மொதலாளி வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்குக் கொடுத்தது அவர், வெட்ட வேண்டியது நான்.

எங்கள் மெஷின் ஒன்றும் அதிசயமானதல்ல. ஓர் இரும்பு மேசை, நடுவில் ஒரு நீளப் பிளவு, அதன் வழியாகத் தலையை நீட்டிச் சுழலும் வட்ட வாள். நீளப் பலகையைக் கிழிக்க அது போதும். குட்டைச் சட்டத்தைச் சாய்வாக வெட்டுவது வேறு விஷயம். சாய்த்துப் பிடித்த மரத்தை வாள் தன் பக்கம் இழுக்கும். பிடி கொஞ்சம் நழுவினால் மரம் பறக்கும், இல்லையென்றால் கை உள்ளே போகும். அன்று காலை முதல் துண்டே பறந்துபோய்த் தகரச் சுவரில் இடித்து, சுவரில் ஒரு குழி விழுந்திருந்தது. அந்தக் குழி என் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

"என்னா லெச்சுமி, வெளயாடுறியா? வெள்ளிக்கெழம குடுக்கணும். அவசரம்," என்றார் மொதலாளி. அவர் எப்போதும் இரண்டு கையையும் காற்சட்டைப் பையில் விட்டுக்கொண்டுதான் பேசுவார். சுவிட்ச் போட மட்டும் ஒரு கையை வெளியே எடுத்திருந்தார்.

"கையால புடிச்சு வெட்டமாட்டேங்க. மரத்தப் புடிச்சுக்க ஒரு சட்டம் செஞ்சுக்கிறேன். ஒரு நாள் குடுங்க."

"ஒரு நாளா? பெரியசாமி இருவது வருஷமா கையாலதான வெட்டுனான்!"

"அவரு கையப் பாத்துத்தாங்க எனக்குப் பயம்."

பெரியசாமி பாஸ் மூலையில் அலமாரிக்குக் கதவு மாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் தச்சரை பாஸ் என்றுதான் சொல்வோம். எனக்கு முன்னால் அந்த மெஷினில் நின்றவர் அவர். இடது கையில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் கிடையாது. இரண்டையும் அந்த வாள்தான் எடுத்தது; அதன் பிறகு அவர் மெஷினில் நிற்பதில்லை. அதைக் கேட்பவர்களுக்கெல்லாம் பதக்கம் காட்டுவதைப் போலக் காட்டுவார்.

நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாதுதான். ஆனாலும் சொன்னது பொய்யில்லை.

"முடியாதுன்னா வீட்டுக்குப் போ," என்றார் மொதலாளி.

"போறேங்க. ஆனா விரலோடதான் போவேன்."

அவர் என்னை முறைத்தார், பிறகு கடிகாரத்தை முறைத்தார். மெஷினில் நிற்க வேறு ஆள் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மத்தியானச் சோற்று நேரம் வரைக்கும் அவகாசம் கொடுத்துவிட்டுப் போனார்.

2. கேலி

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினொரு வருடம் கொழுந்து எடுத்துவிட்டு இந்தப் பட்டறைக்கு வந்தவள் நான். முதலில் உப்புத்தாள் தேய்க்கும் வேலை. பிறகு பாலிஷ். மெஷின் பக்கம் போக ஆறு வருடம் ஆனது. பெண்பிள்ளை மெஷினில் நிற்பதைப் பார்க்கவே பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து போனார்கள். இரண்டு நாளில் அவர்களுக்கு அலுத்துவிட்டது. எனக்கு அலுக்கவில்லை.

அன்று நான் ப்ளைவுட் துண்டைத் தேடி எடுத்தபோது எல்லாரும் பல்லைக் காட்டினார்கள். பெரியசாமி பாஸுக்கு என் மேல் கோபம் வேறு.

"சட்டம் வெச்சு வெட்டுறவன் எல்லாம் பாஸா? கை பழகணும் லெச்சுமி. கை பழகாதவங்களுக்குத்தான் முட்டுக்கட்ட வேணும்."

எனக்குச் சுருக்கென்று ஏறியது.

"அண்ணே, மலையில மட்டக்கம்பு பாத்திருக்கீங்களா?"

"பாக்காம என்னா? எங்கம்மா கையில இருந்ததுதான."

மட்டக்கம்பு என்பது கொழுந்து எடுக்கிறவர்கள் வைத்திருக்கும் நீளமான கம்பு. தேயிலைச் செடிகளின் தலைமேல் அதைக் கிடத்தி, அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொழுந்தை மட்டும் எடுப்போம். இல்லாவிட்டால் செடி மேடும் பள்ளமுமாக வளர்ந்துவிடும். கம்பில்லாமல் செடி நிரையில் நின்றால் மேற்பார்வை பார்க்கும் கங்காணியின் வாயில் விழவேண்டியதுதான்.

"உங்கம்மாவுக்குக் கை பழகலையாண்ணே?"

அவர் கதவின் கீலைத் திருகத் தொடங்கினார்.

"எங்க மலையில யாரும் கண்ணு தெரியாதவங்க இல்ல. நாப்பது வருஷம் கொழுந்து எடுத்தவங்களும் மட்டக்கம்பு வெச்சுத்தான் எடுத்தாங்க. அத யாரும் கேவலம்னு சொல்லல. ஆம்பளைங்க மெஷினுக்கு வந்தா மட்டும் அது கேவலமா?"

அன்றிலிருந்து அந்தச் சட்டத்துக்குப் பட்டறையில் மட்டக்கம்பு என்றே பெயர். பெயர் வைத்தது கேலிக்கா மரியாதைக்கா என்று நான் கேட்கவில்லை.

3. அரைப்பேர்

செய்வது பெரிய வித்தை இல்லை. மெஷின் மேசையில் வாளுக்கு இரண்டு பக்கமும் நேர்ப் பள்ளம் ஓடும். அந்தப் பள்ளங்களில் ஆடாமல், இறுகாமல் நகரும்படி இரண்டு ரீப்பர், அதாவது மெல்லிய மரப்பட்டை, சீவினேன். அவற்றின் மேல் ப்ளைவுட்டைத் திருகினேன். வாள் போகும் வழியில் ஓர் ஆணியும் திருகும் வரக்கூடாது. அதை மறந்தால் வாளின் பல் தெறித்து உங்கள் முகத்துக்கு வரும். இப்போது ப்ளைவுட் முழுவதும் வாளோடு நேராக முன்னும் பின்னும் நகரும். அதன் மேல் ஒரு தாங்குசட்டத்தைச் சாய்வாகப் பொருத்தி, வெட்ட வேண்டிய மரத்தை அதில் சாத்தி கிளாம்ப் போட்டால் போதும். கை மரத்தைத் தொடவே வேண்டாம்.

எவ்வளவு சாய்வு என்பதில்தான் தகராறு வந்தது.

"எட்டுப் பக்கம்னா நாப்பத்தஞ்சு டிகிரி," என்றார் பெரியசாமி பாஸ். கோபம் இருந்தாலும் வேலையை எட்டிப் பார்க்காமல் அவரால் இருக்கமுடியாது.

"நாப்பத்தஞ்சுல வெட்டுனா நாலு துண்டுலயே மூடிக்கும்ண்ணே. ஒரு மூலைக்கு ரெண்டு துண்டு வந்து சேருதுல்ல? ஆளுக்கு அரைப்பேரு போடுங்க."

அவர் சிரித்துவிட்டார். தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் அன்றைக்கு முழு நாள் சம்பளம் விழாது, அரைப்பேர்தான் விழும். அரைப்பேர் வாங்காதவர் எங்களில் யார்? நாற்பத்தைந்தில் ஒவ்வொரு துண்டுக்கும் பாதி, இருபத்திரண்டரை.

அந்த அரை டிகிரியைக் காட்டுகிற கருவி எதுவும் பட்டறையில் இல்லை. செங்கோணமாக வெட்டிய ஒரு தாளின் மூலையைப் பாதியாக மடித்தேன். அது நாற்பத்தைந்து. இன்னொரு தடவை மடித்தேன். அதுதான் நமக்கு வேண்டிய சாய்வு. வாளுக்குக் குறுக்கே மூலைமட்டம் வைத்து ஒரு கோடு போட்டு, மடித்த தாளின் ஒரு பக்கத்தை அதில் ஒட்டினேன். மற்றப் பக்கத்தின் வழியே தாங்குசட்டம் போனது.

முதலில் கழிவு மரத்தில் எட்டுத் துண்டு வெட்டிச் சேர்த்துப் பார்த்தேன். கடைசி மூலையில் தீக்குச்சி நுழைகிற இடைவெளி. எட்டுத் துண்டுக்குப் பதினாறு முனை. ஒவ்வொன்றிலும் மயிரிழை தவறினாலும் கடைசி மூலை எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கும். தாங்குசட்டத்துக்குப் பின்னால் ஒரு தாள் சொருகினேன், மறுபடி எட்டுத் துண்டு வெட்டினேன். மூன்றாவது தடவை தீக்குச்சி நுழையவில்லை.

பிறகு என் விரல்களுக்கான வேலையைச் செய்தேன். தாங்குசட்டத்தைத் தாண்டி வாள் என் பக்கம் வெளியே வரும் இடத்தில் கனமான கட்டை ஒன்றைத் திருகினேன். வாளுக்கு மேலே ஒரு தடித்த கண்ணாடி பிளாஸ்டிக் தகட்டை மூடியாகப் போட்டேன். கை வைக்கும் இடத்தைக் காட்டச் சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு இழுத்தேன். மெஷின் ஓடும்போது கோட்டுக்கு அந்தப் பக்கம் கை போகக்கூடாது. வெட்டி விழுந்த துண்டை எடுக்க வேண்டுமென்றால் சுவிட்சை நிறுத்தி, வாள் சுற்றுவது நின்ற பிறகு எடுக்க வேண்டும். வாளுக்கு நேரே நிற்கக்கூடாது. கையுறை போடக்கூடாது, வாள் கையுறையோடு கையையும் இழுக்கும். முந்தானையை இடுப்பில் செருகி மேலே சட்டையைப் பொத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

4. கணு

புதன்கிழமை மத்தியானம் மொதலாளி வந்து நின்றார். இரண்டு கையும் காற்சட்டைப் பையில்.

"ஒவ்வொரு வெட்டுக்கும் கிளாம்ப் போட்டு, மெஷின நிப்பாட்டி, தொறந்து... இது எப்ப முடியும்? அந்த மூடிய கழட்டு. கிளாம்ப் வேணாம், ஒரு கையால அமுக்கிக்க."

நான் மெஷினை நிறுத்தினேன்.

"மூடிய கழட்டலாங்க. ஆனா கழட்டுனா நீங்கதான் இங்க நின்னு வெட்டணும்."

"வாய் ரொம்ப நீளுது ஒனக்கு."

"வாய் நீண்டா பரவால்லங்க. விரல் குட்டையானாத்தான் வளராது."

அவர் ஏதோ முணுமுணுத்தார், ஆனால் போகவில்லை. அங்கேயே நின்றார். வேண்டுமென்றே என்னைக் கவனித்துக்கொண்டு நின்றார் என்றுதான் நினைக்கிறேன். நான் அடுத்த சட்டத்தை வைத்து, கிளாம்ப்பை இறுக்கி, கோட்டுக்கு இந்தப் பக்கம் கையை வைத்துத் தள்ளினேன்.

அது சவுக்கு மரம், தேயிலை நடுவே நிழலுக்கு வளர்ப்பது. உள்ளே ஒரு கணு ஒளிந்திருந்தது எனக்குத் தெரியாது. வாள் கணுவில் பட்டதும் துப்பாக்கி வெடித்ததைப் போல ஒரு சத்தம். விரல் நீளத் துண்டு ஒன்று உடைந்து மேலே வந்து மூடியில் அடித்து விழுந்தது. நான் சுவிட்சைத் தட்டினேன். வாள் நிற்கும்வரை காத்திருந்தேன்.

மூடியில் ஒரு வெட்டுக் காயம். என் கையில் ஒன்றுமில்லை. அமுக்கிக்க என்று அவர் சொன்ன அந்த ஒரு கை இருந்திருக்க வேண்டிய இடத்தில் மரம் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

மொதலாளி அதைப் பார்த்துவிட்டு, பட்டறைக்கு முன்னால் இருக்கும் கடைக்குள் போய்விட்டார்.

பெரியசாமி பாஸ்தான் கிட்டே வந்தார். மூடியிலிருந்த காயத்தைத் தடவினார். பிறகு தன் இடது கையை அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தார். மூன்று விரல்.

"பெருமையாத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன் லெச்சுமி," என்றார். "வேற என்னா சொல்றது? போனது போனதுதான. அன்னிக்கும் இதே மாதிரிதான். அவசரம்னாரு."

முந்தின நாள் நான் சொன்ன வார்த்தைக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ சரியாத்தான் சொன்ன," என்றார். "அந்த மட்டக்கம்ப எடு. மிச்சத்த நானும் வெட்டுறேன்."

5. சனிக்கிழமை

பன்னிரண்டு ஜன்னலும் வெள்ளிக்கிழமை போகவில்லை, சனிக்கிழமைதான் போயின. பங்களா இடிந்து விழவில்லை. ஹோட்டல்காரர்கள் மூலைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, மெஷின் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கேட்டார்களாம். மொதலாளி என்ன சொன்னாரோ தெரியாது, என் பெயரைச் சொல்லியிருக்கமாட்டார்.

போன வருடம் வேலையை விட்டேன். பத்து விரலோடு விட்டேன். மட்டக்கம்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. ப்ளைவுட் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. மூடியை மட்டும் மாற்ற பெரியசாமி பாஸ் விடவில்லை, காயத்தோடுதான் இருக்கிறது.

மெஷினில் நிற்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். யாராவது வந்து அவசரம் என்று சொன்னால் முதலில் அவருடைய கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது சட்டைப் பையிலோ காற்சட்டைப் பையிலோ இருந்தால், மெஷினை நிறுத்துங்கள்.