நிஸ்தாரும் செவலைப் பசுவும்

நிஸ்தார் போய்விட்டான். காலையில் அவன் மகள் போன் கோல் எடுத்துச் சொன்னாள். பண்டாரவளையில் இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

முழங்கால் வலியோடு கொழும்பிலிருந்து என்னால் போய்ச் சேர முடியாது... அதனால் இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் பேராதனையில் மிருக வைத்தியம் படித்தபோது நிஸ்தார் என் பேட்ச்மேட். அவன் பண்டாரவளைப் புடவைக் கடைக்காரர் மகன். நான் நமுனுகுல பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக் குடும்பத்தில் பிறந்தவன்.

எங்கள் தோட்டத்திலிருந்து கெம்பஸுக்குப் போன முதல் ஆள் நான். அந்தத் தலைக்கனம் நிறையவே இருந்தது.

எலும்பு, மருந்து எல்லாம் மனப்பாடம் செய்து தாண்டிவிடலாம். சினை பார்ப்பது அப்படியல்ல. மாட்டின் பின்வழியே தோள்வரை கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத கருப்பையை விரலால் தடவி, சினையா இல்லையா, எத்தனை மாதம் என்று சொல்ல வேண்டும். ஃபைனல் பிராக்டிகலில் கட்டாயம் வரும்.

நிஸ்தார் இறைச்சிக் கடையில் சொல்லிவைத்துக் கருப்பைகளை வாங்கி வருவான். கோணிப்பைக்குள் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பழகுவான். "வலது பக்கம் கொஞ்சம் பெரிசு மச்சான், நீயும் பாரு" என்று பையை நீட்டுவான்.

மாட்டைக் கும்பிட்டு வளர்ந்த வீடு என்று சொல்லி நான் நழுவிவிடுவேன். உண்மையில் சோம்பல்.

ஒரு லீவுக்கு எங்கள் தோட்டத்துக்கு வந்தான். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் போவதற்குள் மாடுகளைப் பார்த்துவிட வேண்டும். செருப்போடு மாட்டுப் பட்டிக்குள் விடமாட்டார்கள். அந்தக் குளிரில் வெறுங்காலோடு சாணியில் நின்றோம்.

மீனாட்சியக்கா தன் செவலைப் பசுவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பாத்துச் சொல்லுங்க தம்பி. சினை இல்லேன்னா ஞாயித்துக்கெழம எறச்சிக்குக் குடுத்துருவேன். சும்மா வச்சுத் தீனி போட முடியலைங்க."

நான் கையை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்து நிஸ்தார் நெடுநேரம் பார்த்தான்.

பட்டியில் நாங்கள் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வோம். டூ மந்த்ஸ் இருக்கும் போல என்றான். எம்ப்டி என்றேன். சுற்றிலும் என் சனங்கள்... அவனை மேலே பேசவிடாமல், சினை இல்லை என்று தமிழில் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

அக்கா பசுவின் கழுத்தைத் தடவிக்கொடுத்துவிட்டுப் பெரட்டுக்குப் போனார்.

"இன்னொருக்கா பாப்போம் மச்சான்" என்று நிஸ்தார் இரண்டு நாள் கெஞ்சினான். சொன்னது சொன்னதுதான் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அவன் படுக்கையில் இல்லை. கொஞ்ச நேரத்தில் மீனாட்சியக்காதான் சிரித்துக்கொண்டு வந்தார்.

"மாட்டுல சினை இருக்காம் தம்பி! அன்னைக்கு ஒங்க கூட்டாளிதான் இங்கிலீஷ்ல இல்லேன்னாராம். அத நம்பித்தான் நீங்க சொன்னீங்களாம். இப்பதான் வந்து திரும்பப் பாத்துட்டு, தப்பு தன்னோடதுன்னு சொல்றாரு. அவருக்குப் படிப்பு பத்தாதுங்க. நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

சரி என்றேன்.

அவனைத் தனியாகப் பிடித்து, ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "இது ஒன்ட ஆக்கள் மச்சான். நான் நாளைக்கு பஸ் ஏறிப் போயிருவேன்" என்றான்.

லீவு முடிந்து போனதும் அந்தக் கோணிப்பைக்குள் நானும் கையை விட்டேன். பிராக்டிகலில் பாஸானேன்.

பசு ஏழு மாதம் கழித்துக் கிடாரிக் கன்று போட்டது.

பஸ் ஏறிப் போய்விடுவேன் என்றவனுக்கு, படிப்பு முடிந்ததும் எங்கள் பக்கமே வேலை கிடைத்தது. எங்கள் தோட்டத்தில் அவனுக்குச் 'சினை தெரியாத டாக்டர்' என்றே பேர். "டாக்டர், இந்தத் தடவையாவது நல்லா பாருங்க" என்று பெண்கள் கேலி செய்வார்களாம். சிரித்துக்கொண்டே கையை விடுவானாம்.

இன்று அவன் மரண அறிவித்தலுக்குக் கீழே மீனாட்சியக்காவின் மகன் கமெண்ட் போட்டிருக்கிறார். "எங்கள் அம்மாவின் மாட்டில் சினை இல்லை என்று சொன்ன டாக்டர். ஆனாலும் நல்ல மனிதர்."

தம்பி, அப்படிச் சொன்னது நான்தான். அம்மா இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்... வெட்கமாக இருக்கிறது.

போய் வா மச்சான்.